டிஜிடி 3000: மூத்த ஆட்டக்காரர்களுக்கு ஏற்ற செஸ் கடிகாரமா?

முள் கடிகாரத்தில் நேரம் முடியும்போது சின்னக் கொடி விழுவதைப் பார்த்தே ஆடிப் பழகிய மதுரை ஆட்டக்காரர்கள் டிஜிட்டலுக்கு மாறுவதானால் டிஜிடி 3000 வாங்கலாம். மணி, நிமிடம், விநாடி மூன்றையும் முதல் நகர்த்தலிலிருந்தே காட்டுகிறது. பழைய டிஜிடி 2010 கடைசி 20 நிமிடம் வரும்வரை விநாடியைக் காட்டாது.

90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல் என்ற ஆட்டத்தில் இந்த வித்தியாசம் பெரிது. நேரம் கூடுகிறதா என்பது முதல் சில நகர்த்தல்களிலேயே தெரிந்துவிடும். கூடாவிட்டால் செட்டிங் தப்பு. உடனே கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரை, அதாவது போட்டி நடுவரைக் கூப்பிடலாம். 30 விநாடி கூடுதல் இருக்கும் ஆட்டத்தில் கடைசி வரை ஸ்கோர் ஷீட் (நகர்த்தல்களைக் குறிக்கும் தாள்) எழுதியே ஆக வேண்டும் என்பதால், விநாடி தெரிந்தால்தான் பதறாமல் எழுத முடியும்.

நகர்த்தி முடித்ததும் அழுத்தும் லீவர் நீளமானது. விரல் மூட்டு பிடித்திருந்தாலும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்தினால் போதும், ஓங்கி அடிக்கக் கூடாது. காயை நகர்த்திய கையாலேயே அழுத்த வேண்டும். தோள்வலி உள்ளவர்கள் கடிகாரம் இருக்கும் பக்கத்துக் கையாலேயே காயையும் நகர்த்திப் பழகுவது நல்லது. ராஜாவையும் யானையையும் இரு கையால் தூக்கிக் கோட்டை கட்டி லீவரை அழுத்தினால் அது விதிமீறல்: எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், இரண்டாவது தடவை ஆட்டமே போய்விடும்.

குறை, திரைக்குப் பின்னால் விளக்கு இல்லாதது. கல்யாண மண்டபத்தில் டியூப்லைட் நேர் மேலே இருந்தால் எண்கள் பளபளப்பில் மங்கும், அதிலும் பைஃபோகல் கண்ணாடி போட்டவர்களுக்குச் சிரமம். ஆட்டம் தொடங்குமுன் கடிகாரத்தைச் சற்றுத் திருப்பி வைக்க ஆர்பிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செட்டிங் பழக ஒரு மாலை வேண்டும். 25 நேர முறைகள் தயாராக இருக்கின்றன, சொந்தமாக ஐந்தைச் சேமிக்கலாம். 40 நகர்த்தலுக்குப் பின் 30 நிமிடம் சேரும் முறையில் எச்சரிக்கை தேவை: லீவர் அழுத்தலைத்தான் கடிகாரம் எண்ணும். ஏதோ சரிசெய்ய வீணாக இருமுறை தட்டினால் எண்ணிக்கை ஸ்கோர் ஷீட்டோடு ஒத்துப்போகாது. தொடங்குமுன் வெள்ளையின் பக்கத்து லீவர் மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் கறுப்பின் நேரம் ஓடும்.

இரண்டு ஏஏ செல்லில் நெடுநாள் ஓடும். போட்டி இல்லாத நாட்களில் பீரோவில் வைப்பதானால் செல்லைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் தகடு அரித்துப்போகும்.