காயத்துக்கும் வலிக்கும் மூலிகைகள்: எதை எங்கே வைக்கலாம்?

காயத்துக்கு மூலிகை தேடுகிறவர் செடியின் பெருமையை விசாரிப்பதற்கு முன் தோல் கிழிந்திருக்கிறதா இல்லையா என்பதைப் பார்க்க வேண்டும். திறந்த புண்ணில் படக்கூடிய செடிகள் வேறு, கிழியாத தோலின் மேல் பற்றுப் போடவும் ஒத்தடம் கொடுக்கவும் உரிய செடிகள் வேறு. ஒரே பட்டியலில் இரண்டையும் கலந்து எழுதுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

வெட்டுக்காயத்தில் முதலில் நினைவுக்கு வருவது வெட்டுக்காயப் பூண்டு. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து வெப்ப நாடுகளெங்கும் களையாகப் பரவிய இச்செடியை, நீண்ட காம்பின் நுனியில் ஒற்றையாக நிற்கும் மஞ்சள் பூவையும், அதைச் சுற்றிலும் நுனி பிளந்து நிற்கும் வெளிறிய இதழ்களையும், சொரசொரப்பான இலையையும் கொண்டு எளிதில் அடையாளம் காணலாம். இலையைக் கசக்கிச் சாற்றைக் காயத்தில் பிழிந்தால் இரத்தம் நிற்கும் என்பது பலருடைய அனுபவம். விலங்குகளிடம் நடந்த ஆய்வுகள் சிலவும் காயம் ஆறுவதில் இதற்குப் பங்கு உண்டு என்கின்றன. ஆனால் கசக்கிய இலையைக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடிக்கும்போது, இரத்தத்தை நிறுத்தியது சாறா விரலின் அழுத்தமா என்று பிரித்தறிவது கடினம். சுத்தமான துணியை இடையில் எடுத்துப் பார்க்காமல் 10 நிமிடம் அழுத்தியிருந்தாலே சிறு காயங்களில் இரத்தம் பெரும்பாலும் நின்றுவிடும். அந்தத் துணியில் மண் இராது. தரையோடு படரும் செடியின் இலையில் இருக்கும். டெட்டனஸ் கிருமியின் வித்துகள் வாழ்வது மண்ணில்தான், இலையைத் தண்ணீரில் அலசுவதால் அவை முழுதும் போய்விடுவதில்லை. ஆகவே பச்சைக் காயத்தில் என் ஓட்டு துணிக்கே. பார்த்தீனியம் பட்டால் அரிப்பு எடுப்பவர்கள், அதே குடும்பத்தைச் சேர்ந்த இப்பூண்டிடமிருந்தும் விலகியிருப்பது நல்லது.

வல்லாரைக்கு இரத்தம் நிறுத்துவதில் அவ்வளவு பெயர் இல்லை. ஆனால் அதற்கு அடுத்த கட்டத்தில், அதாவது புண் மூடிப் புதுத்தோல் வளரும் கட்டத்தில், பூண்டைவிட இதன் பக்கமே சான்று கனமாக இருக்கிறது. இதிலுள்ள ஆசியாட்டிகோசைடு, மேடிகாசோசைடு ஆகிய பொருள்கள் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வடுக்களுக்கான களிம்புகளில் இதன் சாரம் சேர்க்கப்படுவதும் அதனால்தான். இந்தப் பெருமை சுத்திகரித்து அளவு சீராக்கப்பட்ட சாரத்துக்கு உரியது. ஈரச் சேற்றில் படர்ந்து, கழிவுநீர் ஓரங்களிலும் தழைக்கும் இலையை அரைத்துப் புண்ணில் அப்புவதற்கு அது சான்றாகாது.

தீப்புண்ணுக்குச் சோற்றுக்கற்றாழை. முதலில் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர், பிறகுதான் கற்றாழை. அதுவும் மேலோட்டமாகச் சிவந்த இடத்துக்கு மட்டுமே. மடலை வெட்டியதும் தோலை ஒட்டி வடியும் மஞ்சள் பால் எரிச்சல் தரும். வெட்டுவாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து அது வடிந்த பின், தோலைச் சீவி, நடுவில் இருக்கும் நிறமற்ற சோற்றைக் கழுவி எடுக்க வேண்டும்.

தோல் கிழியாத வலிக்கு வந்தால், நொச்சியும் எருக்கும் நேருக்கு நேர் நிற்கின்றன. நொச்சித் தழையைக் கொதிக்கவிட்டு ஒத்தடம் கொடுப்பதில் ஆபத்து குறைவு. விலங்கு ஆய்வுகளில் வீக்கத்தையும் வலியையும் தணிக்கும் தன்மை தென்பட்டிருக்கிறது, வெந்நீரின் சூடு தரும் இதம் தனிக் கணக்கு. அன்றைக்கே சுளுக்கி வீங்கிய கணுக்காலுக்கு மட்டும் இது வேண்டாம், முதல் 2 நாள் சூடு வீக்கத்தைக் கூட்டக்கூடும். எருக்கிலையை வாட்டிக் கட்டுவோர் உண்டு; நான் பரிந்துரைக்க மாட்டேன். கிள்ளிய இடத்தில் சொட்டும் பால் தோலைப் புண்ணாக்கும். பால் பட்ட விரலால் கண்ணைக் கசக்கினால், ஆரம்பத்தில் வலிகூடத் தெரியாமல் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். நொச்சி இருக்கும்போது இந்த ஆபத்தை விலைக்கு வாங்குவானேன்?

மனிதர்களிடமே மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்த மூலிகை என்றால் ஐரோப்பிய மலைப்புல்வெளிகளில் வளரும் ஆர்னிகாவைச் சொல்லலாம். கைவிரல் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரிடம் 21 நாள் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், ஆர்னிகா களிம்பும் ஐபுப்ரோஃபென் களிம்பும் ஏறக்குறைய சமமாகவே வலியைக் குறைத்தன. ஆனால் இதுவும் கிழிந்த தோலில் படக்கூடாதது, உள்ளுக்குச் சாப்பிட்டால் நஞ்சு.

எலும்பு முறிவுக்குப் பிரண்டை என்பதைத் தனியே சொல்ல வேண்டும். எலும்பு கூடுவதை இது விரைவுபடுத்தலாம் என்பதற்கு விலங்கு ஆய்வுகள் ஆதரவாக உள்ளன. ஆயினும் விலகிய எலும்பை நேராக்கிப் பொருத்தும் வேலையை எந்தச் சாறும் செய்யாது. பிரண்டையைப் பற்றிய பேச்சு எக்ஸ்ரே எடுத்து, எலும்பைப் பொருத்திக் கட்டுப் போட்ட பிறகே தொடங்க வேண்டும்.