முன்னாள் நிறுவனம் நம்மைப் பற்றி என்ன சொல்கிறது? ரெஃபரன்ஸ் சரிபார்ப்புச் சேவை குறித்து ஒரு மதிப்புரை

ஒருவர் பணியாற்றி விலகிய நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, அவரைப் பற்றி அங்கே என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு, அதை எழுத்து வடிவில் அவருக்கே அளிக்கும் சரிபார்ப்புச் சேவைகள் உள்ளன. நேர்காணலின் கடைசிச் சுற்று வரை எல்லாம் நல்லபடியாக நடந்து, ரெஃபரன்ஸ், அதாவது முன்னாள் நிறுவனம் நம்மைப் பற்றிச் சொல்லும் கருத்து, கேட்ட பிறகு மட்டும் பேச்சு நின்றுபோவது எனக்குத் தொடர்ந்து நேர்ந்ததால், அத்தகைய சேவை ஒன்றைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தினேன். அவர்கள் தரும் அறிக்கை மிகவும் பயனுள்ளது. ஆனால் அதனுடன் இணைத்துத் தரும் சட்ட விளக்கத்தை நம்பி யாரும் எந்த நடவடிக்கையிலும் இறங்கக் கூடாது.

பணியில் சேர்ந்த நாள், விலகிய நாள், வகித்த பதவி, யாரை அழைக்க வேண்டும் என்ற விவரம், நம்முடைய எழுத்துமூல ஒப்புதல் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்ட பின், மனிதவளத் துறையையும் நேரடி மேலாளரையும் அவர்கள் தனித்தனியே அழைக்கிறார்கள். இந்த ஏற்பாடுதான் இச்சேவையின் பெரும் பலம். பணிக்காலத்தையும் பதவியையும் தவிர எதையும் சொல்வதில்லை என்று நிறுவனம் விதி வைத்திருக்கலாம். அந்த விதியை அறியாத மேலாளரோ, நேரடியாகத் தம்மிடம் அழைப்பு வந்தால் மனத்தில் உள்ளதையெல்லாம் சொல்லிவிடுவார். பணித்திறன், வருகை, உடன் பணியாற்றியோரிடம் பழகிய விதம், விலகிய காரணம் ஆகியவற்றைக் கேட்ட பிறகு, "வாய்ப்பு இருந்தால் இவரை மறுபடியும் வேலைக்கு எடுப்பீர்களா?" என்று முடிக்கிறார்கள். புதிதாக வேலை தருபவர் மிகவும் கவனிப்பது இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலைத்தான். கலிபோர்னியா போன்ற இடங்களில் இரு தரப்பின் ஒப்புதலும் இல்லாமல் இரகசிய உரையாடலை ஒலிப்பதிவு செய்வது குற்றம் என்பதால், பேசும்போதே சொற்களைத் தட்டச்சு செய்துகொள்கிறார்கள்.

எனக்கு வந்த அறிக்கையில், மனிதவளத் துறை தேதிகளையும் பதவியையும் உறுதி செய்து, மற்ற கேள்விகளுக்குப் பதில் அளிக்க மறுத்திருந்தது. மேலாளர் என் வேலையைப் பாராட்டிவிட்டு, "அடிக்கடி விடுப்பில் போய்விடுவார்" என்று சொல்லி, மறுபடியும் எடுப்பீர்களா என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் நழுவியிருந்தார். நான் எடுத்தது நிறுவனமே ஒப்புதல் அளித்த மருத்துவ விடுப்பு. விடுப்பு எடுத்தது உண்மை. அதன் காரணத்தை விட்டுவிட்டுச் சொன்னதால், கேட்பவர் மனத்தில் பதிவது பொறுப்பில்லாத ஓர் ஊழியரின் உருவம். உள்ளதை உள்ளபடி எழுதித் தந்ததற்காக இச்சேவைக்கு நான் நன்றியுடையவன். அந்த ஒரு வரி கிடைக்காமல் இருந்திருந்தால், என் திறமையையே சந்தேகித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

குறை, இணைப்பாக வந்த விளக்கப் பக்கத்தில் இருக்கிறது. முன்னாள் நிறுவனம் தேதிகளையும் பதவியையும் மட்டுமே சொல்லலாம் என்றும், பாதகமாக எதைச் சொன்னாலும் அது சட்டவிரோதம் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். இது தவறு. தேதிகளுடன் நிறுத்திக்கொள்வது பெரும்பாலும் வழக்குக்கு அஞ்சி நிறுவனங்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடே தவிர, சட்டத்தின் கட்டளை அல்ல. அமெரிக்காவில் பாதகமான ரெஃபரன்ஸைப் பொதுவாகத் தடை செய்யும் கூட்டாட்சிச் சட்டம் கிடையாது. பல மாநிலங்கள், நல்லெண்ணத்துடன் உண்மையைச் சொல்லும் நிறுவனத்துக்குப் பாதுகாப்பே அளிக்கின்றன. பாகுபாடு குறித்துப் புகார் செய்த ஊழியரைப் பழிவாங்க மோசமான ரெஃபரன்ஸ் கொடுப்பது வேறு விஷயம். பணியை விட்டு விலகியவரும் அதற்காக வழக்குத் தொடுக்கலாம் என்று ராபின்சன் எதிர் ஷெல் ஆயில் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது.

பிரிட்டனில் 1994இல் வந்த ஸ்பிரிங் எதிர் கார்டியன் அஷ்யூரன்ஸ் தீர்ப்பு, ரெஃபரன்ஸ் தருபவர் அதைத் தகுந்த கவனத்துடன் தயாரிக்க வேண்டிய கடமை உடையவர் என்பதை நிலைநாட்டியது. அதன் பிறகு வந்த வழக்குகளில், சொல்வது உண்மையாகவும் நியாயமாகவும் இருக்க வேண்டும், முழுமையாக வாசிக்கும்போது தவறான எண்ணத்தைத் தரக் கூடாது என்ற அளவுகோல் உறுதிப்பட்டது. முழு விவரமும் தர வேண்டிய கட்டாயம் இல்லை. விலகும் நேரத்தில் ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்ததைச் சொன்னதுகூட நியாயமே என்று 1999இல் ஒரு வழக்கில் முடிவானது. என் மேலாளர் சொன்ன ஒரு வரியை இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பாதகமாகப் பேசியது தவறில்லை, பாதி உண்மையைப் பேசியதுதான் தவறு என்பது விளங்கும். இதை விளக்கியிருக்க வேண்டிய பக்கம், வாசகரை வீண் சண்டைக்கு அனுப்புகிறது.

இச்சேவையின் தேவை எங்கே எழுகிறது என்பதையும் அவர்கள் சொல்லியிருக்கலாம். அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டு நியாயக் கடன் அறிக்கைச் சட்டத்தின்படி, பின்னணிச் சரிபார்ப்பை வெளி நிறுவனம் ஒன்றின் வழியாகச் செய்தால் விண்ணப்பதாரரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். அந்த அறிக்கையை வைத்து வேலையை மறுப்பதற்கு முன் அதன் பிரதியையும் அவருக்குத் தர வேண்டும். வேலை தருபவரே தொலைபேசியை எடுத்துக் கேட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. பிரிட்டனின் 2018ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இரகசியமாகத் தரப்பட்ட ரெஃபரன்ஸைச் சம்பந்தப்பட்டவருக்குக் காட்ட வேண்டியதில்லை என்று விலக்கு அளித்திருக்கிறது. ஜெர்மனியில் பணிச்சான்றை எழுத்தில் பெறுவது ஊழியரின் சட்ட உரிமை என்பதால், தம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பது அவர் கையிலேயே இருக்கிறது. அங்கே இத்தகைய சேவைக்கு வேலை குறைவு.

பதிலளித்தவரின் குரல் தொனிக்கு மதிப்பெண் போட்டுத் தருவதும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. அழைத்தவரின் காதுக்கு எட்டிய ஒன்றை எண்ணாக மாற்றும்போது, எழுதிய சொற்களுக்கு இல்லாத ஒரு துல்லியம் அதற்கு வந்துவிடுகிறது. கூடுதல் கட்டணத்தில் வழக்கறிஞர் கடிதம் அனுப்புவதாகவும் சொன்னார்கள், நான் ஏற்கவில்லை. அறிக்கையின் அந்த ஒரு பகுதியையும் விடுப்புக்கான ஒப்புதல் கடிதங்களையும் இணைத்து, மனிதவளத் துறைக்கு நானே பணிவாக எழுதினேன். இனி என்னைப் பற்றிய கேள்விகளுக்கு அத்துறை மட்டுமே பதிலளிக்கும் என்று எழுத்தில் உறுதி கிடைத்தது.

விலகிய இடத்தில் மனக்கசப்பு இருந்தவர்களுக்கும், காரணம் தெரியாமல் கடைசிக் கட்டத்தில் வாய்ப்புகளை இழப்பவர்களுக்கும் இச்சேவையைப் பரிந்துரைப்பேன். ரெஃபரன்ஸ் தருவதில் நிறுவனத்தின் விதி என்ன என்பதை மனிதவளத் துறையிடம் முதலில் கட்டணமின்றிக் கேட்டுப் பார்ப்பது நல்லது. பணம் கட்டுவதற்கு முன் மாதிரி அறிக்கை ஒன்றைக் கேளுங்கள். பதிலளித்தவரின் சொற்களையும் சேவையினரின் கருத்தையும் பிரித்துக் காட்டாத அறிக்கை, நாளை யாரிடமும் ஆதாரமாக நீட்ட உதவாது. விளக்கப் பக்கத்தைத் திருத்தும்படி அவர்களுக்கு எழுதியிருக்கிறேன்; திருத்தும் வரை, அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு உரையாடல் பதிவை மட்டும் பயன்படுத்துங்கள்.