எட்டாயிரம் பொற்காசில் ஒரு பறக்கும் படகு: ஸ்பெல்ஜாமர் பெட்டி, ஒரு டிஎம்மின் பார்வை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஆடும் எந்தக் கூட்டத்திலும், கேம்பெயின் என்ற தொடர்கதை பாதிக்கு வந்ததும் யாராவது ஒருவர் கேட்டே தீருவார்: "நமக்குன்னு ஒரு பறக்கும் கப்பல் கிடைக்குமா?" கிடைக்கும், ஆனால் சின்னதாகக் கேளுங்கள் என்பதுதான், கதையை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) ஆன என் பதில். அதற்கு 'ஸ்பெல்ஜாமர்: அட்வென்ச்சர்ஸ் இன் ஸ்பேஸ்' என்ற விளையாட்டுப் புத்தகப் பெட்டி நன்றாகவே உதவுகிறது. பெட்டி முழுவதும் இல்லை, அதிலுள்ள சில பக்கங்கள்தான். அந்தச் சில பக்கங்களுக்காகவே வாங்கலாம் என்பேன்.

2022 ஆகஸ்டில் வந்த பெட்டி இது. தலா 64 பக்கத்தில் மூன்று கெட்டி அட்டைப் புத்தகங்கள், ஒரு டிஎம் ஸ்கிரீன் (டிஎம் தன் குறிப்புகளை மறைத்துக்கொள்ளும் தடுப்பு அட்டை), இருபுறமும் அச்சிட்ட பெரிய மேப். வெளியானபோது அமெரிக்க விலை 69.99 டாலர். வேலூரில் நாங்கள் ஐந்து பேர் பங்கு போட்டு ஆன்லைனில் வாங்கினோம். பெட்டி சத்துவாச்சாரியில் என் வீட்டு பீரோவுக்கு மேலே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழே இறங்கும்.

கப்பல் கேட்கிறவர்கள் முதலில் பார்ப்பது 2014 டிஎம் கையேட்டில் உள்ள வாகன அட்டவணையை. ஏர்ஷிப் 20,000 பொற்காசு, மணிக்கு 8 மைல், ஓட்ட 10 ஆள், 20 பயணிகள், ஒரு டன் சரக்கு. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அதே வரியில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஏர்ஷிப்புக்கு 300 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) உண்டு, டேமேஜ் த்ரெஷோல்டு (அதற்குக் குறைவான அடி எதுவும் செய்யாது என்ற வரம்பு) கிடையாது. அதாவது கீழிருந்து கோப்ளின் என்ற குட்டி அரக்கன் ஒருவன் விடும் சாதாரண அம்பு பட்டாலும் கப்பலின் உயிரில் கொஞ்சம் போகும். போன ஒவ்வொரு பாயின்ட்டையும் சரிசெய்ய, கப்பலைத் துறையில் கட்டிவைத்து ஒரு நாளும் 20 பொற்காசும் செலவழிக்க வேண்டும். 30 பாயின்ட் அடி வாங்கினால் ஒரு மாதமும் 600 காசும் காலி. நாலைந்து பேர் உள்ள பார்ட்டிக்கு (ஆடுகிறவர்களின் பாத்திரக் குழுவுக்கு) இது கட்டுப்படியாகாது. பத்து ஆளுக்குத் தினமும் தலைக்கு 2 பொற்காசு சம்பளம் தனி.

சில வரி தள்ளி கீல்போட் இருக்கிறது. 3,000 பொற்காசு. ஓட்ட ஒரு ஆள் போதும், ஆறு பேர் ஏறலாம். ஹிட் பாயின்ட் 100தான், ஆனால் த்ரெஷோல்டு 10. ஒரே அடியில் பத்துக்குக் குறைவான டேமேஜ் வந்தால் படகுக்கு ஒன்றும் ஆகாது. அம்பு பட்டுத் தெறித்துவிடும். சின்னப் பார்ட்டிக்கு அளவெடுத்துத் தைத்த படகு. பறக்காது என்பது ஒன்றுதான் குறை.

அந்தக் குறையைத் தீர்ப்பது ஸ்பெல்ஜாமர் பெட்டியின் முதல் புத்தகம், 'ஆஸ்ட்ரல் அட்வென்ச்சரர்ஸ் கைடு'. அதில் ஸ்பெல்ஜாமிங் ஹெல்ம் என்றொரு மந்திர நாற்காலி வருகிறது. மந்திரம் தெரிந்த ஒருவர் அதோடு இணைந்து உட்கார்ந்தால், அது பொருத்தியிருக்கும் கப்பல் தண்ணீரிலும் வானத்திலும் விண்வெளியிலும் ஓடும். அதைச் செய்யவே ஒரு ஐந்தாம் நிலை ஸ்பெல் (மந்திரம்) தந்திருக்கிறார்கள். குறைந்தது 5,000 பொற்காசு மதிப்புள்ள படிகக் கோல் ஒன்று வேண்டும், ஸ்பெல் போட்டதும் அது கரைந்துபோகும். தொட்ட நாற்காலி ஹெல்ம் ஆகிவிடும். கணக்கு இவ்வளவுதான்: படகு 3,000, கோல் 5,000, மொத்தம் 8,000. ஏர்ஷிப் விலையில் பாதிகூட இல்லை. அந்த ஸ்பெல்லைப் போட பார்ட்டியின் விசார்டு (மந்திரவாதிப் பாத்திரம்) ஒன்பதாம் லெவலைத் தொட்டிருக்க வேண்டும், அவ்வளவே நிபந்தனை. இந்தப் பெட்டியில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

கப்பலைக் கடையில் விற்கக் கூடாது என்பது என் கட்சி. காசை எண்ணி வைத்து வாங்கிய கப்பல், பாத்திரத்தின் விவரம் எழுதும் ஷீட்டில் இன்னொரு வரியாகப் போய்விடும். எங்கள் கேம்பெயின் உலகம் பழைய வட ஆற்காடு. 1989-ல் இரண்டு மாவட்டமாகப் பிரிப்பதற்கு முன்னால் இருந்த முழு ஜில்லா: ஏலகிரி, ஜவ்வாது மலை, போளூர், ஆரணி, அகழியோடு கோட்டை, நடுவில் பாலாறு. (முதல் ஸ்பெல்ஜாமர் பெட்டி, ஜெஃப் கிரப் வடிவமைத்தது, அதே 1989-ல்தான் வந்தது. மேப்பில் ஆண்டைப் போட்டபோது இது எனக்குப் பெரிய சந்தோஷம்.) அந்தப் பாலாற்று மணலில், எப்போதோ வந்த வெள்ளத்தில் ஒதுங்கிய ஒரு படகு பாதி புதைந்து கிடக்கும்படி வைத்தேன். சொந்தக்காரி ஒரு ஆயா.

எங்கள் பார்ட்டியின் கிளெரிக்கை (மந்திரம் தெரிந்த பூசாரிப் பாத்திரம்) ஆடுவது ஒரு நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து தூங்கி எழுந்து வருவாள். அவள்தான் பேரம் பேசினாள்.

"ஆயா, இந்தப் படகை எங்களுக்குக் குடுங்க. எவ்வளவு கேட்டாலும் தரோம்."

"காசை வாங்கி இந்த மணல்ல நான் என்னம்மா பண்றது? மலைக்குப் போன என் பையன் வரல. அவன் இருக்கானா இல்லையான்னு பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

அதிலிருந்து கதை தானாக ஓடியது. படகுக்கு 40 பாயின்ட் மட்டும் மிச்சம் வைத்திருந்தேன். மீதி 60-ஐ ஏற்ற அறுபது நாளும் 1,200 பொற்காசும் ஆகும். தச்சர்கள் வேலை செய்யும் அந்த அறுபது நாளில் பார்ட்டி ஜவ்வாது மலை ஏறி, பையனையும் கண்டுபிடித்து, படிகக் கோலையும் கொண்டுவந்தது. ஆயா படகுக்குக் காசே வாங்கவில்லை. எந்த நாற்காலியில் ஸ்பெல் போடுவது என்று பேச்சு வந்தபோது, திண்ணையில் கிடந்த தன் வீட்டுக்காரரின் சாய்வு நாற்காலியைக் கொடுத்தார். மேஜையில் கொஞ்ச நேரம் யாரும் டைஸைத் தொடவில்லை. படகுக்குக் 'கெண்டை' என்று பெயர் வைத்தார்கள்.

பெட்டியிலுள்ள கப்பல்களுக்கு அழகான டெக் பிளான்கள் இருக்கின்றன. தட்டான், குளவி, சுறா, ஆமை என்று பெரும்பாலானவை ஏதாவது ஒரு ஜீவனின் உருவம். ஓவியங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எங்கள் கெண்டைக்கு அதில் பிளான் கிடையாது, நானே செய்தேன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுவது என் வேலை. அங்கே கழிவாக ஒதுக்கிய ஒரு பசுத்தோல் துண்டைக் கேட்டு வாங்கி, ஒரு இஞ்சுக்கு ஐந்து அடி கணக்கில் 12-க்கு 4 இஞ்சு வெட்டினேன். 60 அடி நீளம், 20 அடி அகலம் உள்ள படகுக்கு அது சரியாக வரும். தோலில் குறியிடும் சில்வர் பேனாவால் கட்டம் போட்டேன். பேப்பர் மேப் போல ஃபேன் காற்றில் பறக்காது, மினியேச்சர் பொம்மை வழுக்காது, டீ கொட்டினாலும் துடைத்துவிடலாம். தோல் பக்கம் ஆட்கள் இருக்கும் ஊர் நம்முடையது, நீங்களும் முயலலாம்.

ஹெல்மை மேஜையில் ஆடிப் பார்த்தால்தான் அதன் ருசி தெரியும். உட்கார்ந்தவர் கப்பலில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிற்பதுபோல் பார்க்கலாம், கேட்கலாம். எங்கள் விசார்டை ஆடும் காட்பாடிப் பையன் இன்ஜினியரிங் படிக்கிறான். சரக்கறையில் ஒளிந்திருந்த திருடனை இருந்த இடத்திலிருந்தே பிடித்துவிட்டான். ஆனால் ஹெல்மை இயக்க கான்சென்ட்ரேஷன் (ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும் வைக்கக்கூடிய மனக்குவிப்பு) வேண்டும். உட்கார்ந்திருக்கும்வரை கான்சென்ட்ரேஷன் கேட்கும் வேறு ஸ்பெல் எதையும் அவர் பிடித்துவைக்க முடியாது. பார்ட்டியின் பெரிய கை ஒன்று கட்டப்பட்டுவிடும். ஒரு ஆக்‌ஷனில் இன்னொரு மந்திரக்காரரைத் தொட்டு இணைப்பை மாற்றிக் கொடுக்கலாம் என்ற விதிதான் இதற்கு மருந்து. மலைக்கு மேலே வைவெர்ன் (சிறகுள்ள டிராகன் வகை) ஒன்று துரத்தி வந்தபோது கிளெரிக் ஓடிப்போய் உட்கார, விசார்டு எழுந்து வில்லாளிக்கு ஹேஸ்ட் (வேகம் கூட்டும் ஸ்பெல்) போட்டது நாங்கள் ஆடியதிலேயே நல்ல சண்டை.

குறைகளும் உண்டு, அவை சின்னக் குறைகள் இல்லை. கப்பலும் கப்பலும் மோதும் சண்டைக்கு இந்தப் பெட்டி தரும் விதிகள் மிகக் குறைவு. பாலிஸ்டாவை (பெரிய அம்பு எறியும் கருவி) ஏற்ற ஒரு ஆக்‌ஷன், குறிபார்க்க ஒன்று, விட ஒன்று. மூன்றும் ஒரே சுற்றில் நடக்க மூன்று பேர் வேண்டும். எங்கள் ஃபைட்டர் அன்றைக்கே கேட்டாள்: "மூணு பேர் அதுக்கே போயிட்டா, மீதி சண்டையை யாருக்கா போடறது?" நியாயமான கேள்வி. கெண்டையிலிருந்து பாலிஸ்டாவை எடுத்துவிட்டோம், அவரவர் வில்லே போதும் என்று ஆடுகிறோம். கப்பலைப் படிப்படியாக மேம்படுத்தவும் உருப்படியான வழி இல்லை. அந்த ஆசைதான் ஆடுகிறவர்களுக்கு ரொம்ப இருக்கும்.

வேகத்தையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அட்டவணைப்படி கீல்போட் மணிக்கு ஒரு மைல். ஹெல்ம் கப்பலை அதன் வேகத்துக்குத்தான் ஓட்டும். வேலூரிலிருந்து ஆற்காடு சுமார் 25 கிலோமீட்டர், அதற்கே பதினாறு மணி நேரம் ஆகும். நடந்து போகிறவர்களே மணிக்கு மூன்று மைல் போவார்கள். நான் நாலு மைல் என்று வைத்துவிட்டேன். ஏர்ஷிப்பில் பாதி வேகம், நடையைவிடக் கொஞ்சம் கூட. இதற்குமேல் ஏற்றாதீர்கள். ஏற்றினால் வழியில் நடக்க வேண்டியதெல்லாம் காணாமல் போகும்.

இரண்டாவது புத்தகம் விண்வெளி ஜந்துக்கள், ஊரிலேயே பறக்கிறவர்களுக்கு அதில் பாதி பயன்படும். மூன்றாவது, 'லைட் ஆஃப் சாரிக்ஸிஸ்', ஐந்தாம் லெவலில் தொடங்கும் கதை. விண்வெளிக்கே போகிற எண்ணம் இருந்தால் எடுங்கள்.

வாங்குவதாக இருந்தால் கூட்டத்துக்கு ஒரு பெட்டி போதும், அது டிஎம் கையில் இருக்கட்டும். 2014 டிஎம் கையேடு ஏற்கெனவே இருப்பவர்கள் முதல் புத்தகத்தில் ஹெல்ம் வரும் பக்கத்தையும் அந்த ஸ்பெல்லையும் முதலில் படித்துவிட்டு, உங்கள் விசார்டு எந்த லெவலில் இருக்கிறார் என்று பாருங்கள். ஏழு, எட்டு என்றால் படகை இப்போதே எங்காவது மணலில் போட்டுவையுங்கள்.