பினாங்கில் ஆய்வகம்: பகிர்வதா, சொந்தமா?

பாயான் லெப்பாஸில் கடைவீடு எடுத்துச் சொந்த ஆய்வகம் போடலாமா, பகிர்வு ஆய்வகத்தில் மேசை எடுக்கலாமா? உயிரித்தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கும் நம் பிள்ளைகளுக்கு, முதல் இரண்டு வருஷம் பகிர்வுதான் என் பரிந்துரை. மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியும் 121 டிகிரியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவும் அங்கே தயாராக இருக்கும். ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள். உறைபெட்டி ஓர் இரவு நின்றால் பல மாத உழைப்பு போய்விடும். கிருமிக் கழிவை அகற்றுவது யார் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

சொந்த இடம் என்றால் நடுராத்திரியிலும் வேலை செய்யலாம், சரி. ஆனால் அதன் உண்மையான பலன் குடுவையில் உயிரணுக்களை (செல்) வளர்ப்பவர்களுக்குத்தான். பக்கத்து மேசையின் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா உங்கள் குடுவைக்கும் பரவலாம். சாதாரண நுண்ணோக்கியில் அது தெரியாது. பகிர்ந்தாலும் செல்களை வளர்க்கும் வெதுவெதுப்பான பெட்டியான இன்குபேட்டரை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.