டக்ளஸின் மாதப் பணமா, கெசலின் தேயும் பணமா?

பணத்தின் விதியை மாற்றினால் வறுமை போய்விடும் என்று நம்பிய சிறு கட்சிகளில் இரண்டு மரபுகள் முக்கியமானவை. ஒன்று பிரிட்டிஷ் பொறியாளர் மேஜர் டக்ளஸின் சோஷியல் கிரெடிட், அதாவது அரசு எல்லோருக்கும் பணம் கொடுக்கும் திட்டம். மற்றொன்று ஜெர்மன் வணிகர் சில்வியோ கெசலின் தேயும் பணம், அதாவது வைத்திருக்க வைத்திருக்க மதிப்புக் குறையும் நோட்டு.

டக்ளஸின் கணக்கு இது: ஆலை கூலியாகவும் லாபப் பங்காகவும் தருவது 'அ', மூலப்பொருளுக்கும் வங்கிக்கும் கட்டுவது 'ஆ'. பொருளின் விலையில் இரண்டும் அடங்கும், மக்கள் கையிலோ 'அ' மட்டும்தான். அந்தக் குறையை அரசு எல்லோருக்கும் பணம் கொடுத்து நிரப்பவேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'ஆ'வும் முந்தைய கட்டத்தில் யாரோ ஒருவருக்குக் கூலியாகவோ லாபமாகவோ போய்ச் சேர்ந்ததுதான். நிரந்தரப் பற்றாக்குறை என்ற வாதம் அங்கேயே சரிகிறது.

கெசல் சொன்னது வேறு. சரக்கு கெடும், பணம் கெடாது. அதனால்தான் பணக்காரர் காத்திருந்து பேரம் பேசுகிறார். ஆகவே நோட்டும் சிறிது சிறிதாக மதிப்பிழக்கட்டும் என்றார்.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1935-இல் அபர்ஹார்ட் தலைமையிலான சோஷியல் கிரெடிட் கட்சி மாகாணத் தேர்தலில் 63 இடங்களில் 56-ஐ வென்றது. பெரியவர்களுக்கு மாதம் 25 டாலர் என்ற வாக்குறுதி நிறைவேறவில்லை. காரணம், வங்கித்துறை மத்திய அரசின் அதிகாரம், மாகாணத்தினுடையது அல்ல. 1936-இல் கட்சி யோசனையைக் கடன் வாங்கியது கெசலிடமிருந்துதான்: பணம்போலப் புழங்கிய ஒரு டாலர் சான்றிதழ் செல்லுபடியாக, அதில் வாரம் ஒரு சென்ட் ஸ்டாம்ப் ஒட்டவேண்டும். ஆண்டுக்கு 52 சதவீதம்! ஸ்டாம்ப் நாள் நெருங்கும்போது யார் கையில் நோட்டு இருக்கிறதோ அவருக்குத்தான் செலவு, கடைக்காரர்கள் தயங்கினார்கள். அரசே தன் வரிக்கு அதை வாங்க மறுத்தது. அடுத்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது.

ஆஸ்திரியாவின் வோர்கல் ஊராட்சியும் 1932-இல் கெசலின் முறையில் நோட்டு வெளியிட்டது. அது வைத்த தேய்மான விகிதம் மாதம் 1 சதவீதம். நோட்டுகளுக்கு ஈடாக ஆஸ்திரியாவின் நாணயமான ஷில்லிங் வங்கியில் இருந்தது. நோட்டை ஷில்லிங்காக மாற்றிக்கொள்ள 2 சதவீதக் கட்டணம். எல்லாவற்றையும்விட முக்கியம், ஊராட்சி அதைக் கூலியாகக் கொடுத்து வரியாகத் திரும்ப வாங்கியது. நிலுவை வரிகள் வந்தன, சாலை வேலைகள் நடந்தன. 1933-இல் அதை நிறுத்தியது ஆஸ்திரிய தேசிய வங்கி, உள்ளூர்க்காரர்கள் அல்ல.

இரண்டில் கெசலின் வழிக்கே என் ஓட்டு. ஆனால் விகிதம் குறைவாக இருக்கவேண்டும், நோட்டை வெளியிடுபவரே வரிக்கு வாங்கவேண்டும். புதிதாக ஒரு கட்சி இப்படித் திட்டம் சொன்னால் முதலில் அதன் வரி விதியைப் படியுங்கள்.