மூன்று மார்கழிகளும் ஒரு முள்வாங்கியும்

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டினத்துக்குத் தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். வளைந்த கைப்பிடியும் ஒல்லி டயரும் கொண்ட, ஊரில் எல்லோரும் ‘ரேஸ் சைக்கிள்’ என்று சொல்கிற வகை. ஞாயிற்றுக்கிழமையானால் பயணம் தருமபுரி வரை நீளும். கோடை முழுக்கப் பஞ்சர் என்ற பேச்சே இருக்காது. ஐப்பசி மழை தொடங்கித் தை முடிகிற வரைக்கும்தான் பாடு. சைக்கிள் வாங்கிய முதல் வருடம், மார்கழி ஒரே மாதத்தில் ஏழு பஞ்சர்.

குளிர்காலத்தில் மட்டும் ஏன் என்று பஞ்சர் கடைக்காரரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், பழைய டயர் ஒன்றை அறுத்துக் காட்டினார். முதலில் வெறும் கத்தி. இழுத்து இழுத்துப் பார்த்தும் சரியாக இறங்கவில்லை. பிறகு கத்தியைத் தண்ணீரில் நனைத்து வைத்தார், வழுக்கிக்கொண்டு போனது. ஈரச் சாலையில் கண்ணாடிச் சில்லும் அப்படித்தான் டயருக்குள் இறங்குகிறது. மழைநீர் சாலையில் கிடப்பதையெல்லாம் ஓரத்துக்கு ஒதுக்கிவிடும். நாம் போவதும் அந்த ஓரத்தில்தான். போதாததற்கு, மழையில் முளைத்த நெருஞ்சி அந்தச் சமயத்தில்தான் காய்ந்து முள்ளை உதிர்க்கிறது.

ஆனால் என் ஏழு பஞ்சரில் நெருஞ்சி இரண்டுதான். மீதியெல்லாம் கம்பி. தேசிய நெடுஞ்சாலை 44-இல் வெடித்த லாரி டயர்கள் பட்டை பட்டையாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த டயருக்குள் இருக்கிற எஃகுக் கம்பி மயிரிழைபோல உதிர்ந்து ஓரமெங்கும் பரவிக்கிடக்கிறது. குத்தியதும் காற்று போய்விடாது. காலையில் ஏறி உட்கார்ந்தால் சக்கரம் பாதி தொய்ந்திருக்கும். டியூபை மட்டும் மாற்றி ஓட்டினால் மறுநாளும் அதே கதை, ஏனென்றால் கம்பி டயரிலேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, விரலை விட்டுத் தடவினால் ரத்தம்தான் வரும். டயரின் உட்புறத்தில் பஞ்சை வைத்து மெல்ல ஒரு சுற்று ஓட்டினால் அது எங்கேயாவது மாட்டி நிற்கும். அந்த இடத்தில் முள்வாங்கியால் பிடித்து இழுக்க வேண்டும். பாட்டி சாவிக்கொத்தில் கோத்து வைத்திருந்த பழைய முள்வாங்கி இப்போது என் சைக்கிள் பையில் இருக்கிறது. டயரில் பெயர் அச்சிட்ட இடத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுவதும் ஒரு பழக்கமாகிவிட்டது. டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் என்று பார்த்தால், டயரில் எங்கே தேடுவது என்பது தெரிந்துவிடும்.

இரண்டாம் வருடம், ‘பஞ்சரே ஆகாது’ என்று விற்ற ஒரு கெட்டி டயரை முன்னும் பின்னும் போட்டேன். பெயர் வேண்டாம். விற்றவர் சொன்னது பொய்யில்லை; இரண்டாயிரம் கிலோமீட்டர் ஒரு பஞ்சரும் இல்லை. கார்த்திகையில் ஒரு விடியற்காலை, தூறல் நின்ற கையோடு அணைப் பக்கம் திரும்பினேன். முன்சக்கரம் சோப்பில் வைத்த கால்போல வழுக்கிவிட்டது. முழங்கை தோல் உரிந்து, ஒரு வாரம் சட்டைக்கை மடிக்க முடியவில்லை. சீக்கிரம் தேயாமல் இருக்கக் கெட்டியான ரப்பரைப் போடுகிறார்கள்; அந்த ரப்பர் ஈரத்தில் சாலையைப் பிடிப்பதில்லை. பஞ்சர் ஆனால் இறங்கி ஒட்டிக்கொள்ளலாம், விழுந்த முழங்கையை அப்படி ஒட்ட முடியாது.

அதன்பிறகு, டயர் வாங்கும்போது நான் ‘பஞ்சர் தாங்குமா’ என்று பொதுவாகக் கேட்பதில்லை. வெட்டைத் தாங்குவது வேறு, குத்தைத் தாங்குவது வேறு. கான்டினென்டல் கிராண்ட் ப்ரீ 4-சீசன் என்ற டயரில் வெக்ட்ரான் என்ற செயற்கை இழையால் நெய்த அடுக்கு இரண்டு உண்டு. பக்கவாட்டுக்கும் தனியாகக் காப்புத் துணி உண்டு. கண்ணாடி, கருங்கல் சில்லு போன்றவற்றுக்கு அது நல்ல தடுப்பு. ஆனால் எவ்வளவு நெருக்கமாக நெய்தாலும் நெசவு நெசவுதான். மயிரிழைக் கம்பி சில சமயம் இடுக்கில் நுழைந்துவிடும். ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் என்ற டயர் வேறு வழியில் போகிறது. மேல் ரப்பருக்கு அடியில் 5 மில்லிமீட்டர் தடிமனுக்கு இன்னொரு மெத்தென்ற ரப்பர் அடுக்கு. நெருஞ்சியும் கம்பியும் உள்ளே போனாலும் டியூபைத் தொடுவதற்குள் அவற்றின் நீளம் தீர்ந்துவிடுகிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை எடை: இந்த டயர் ஒன்றின் எடை, அதே அளவுள்ள 4-சீசன் இரண்டின் எடையைவிட அதிகம் இருக்கும்.

மூன்றாம் வருடம் இரண்டையும் கலந்துவிட்டேன். முன்னே 4-சீசன், பின்னே மாரத்தான் பிளஸ், இரண்டும் 28 மில்லிமீட்டர் அகலம். திருப்பத்தில் நம்மைக் காப்பாற்றுவது முன்சக்கரம், எனவே பிடிமானம் அங்கே. உடல் பாரத்தில் பெரும்பங்கு பின்சக்கரத்தில். முன்சக்கரம் கிளப்பிவிட்ட கம்பியும் அதில்தான் ஏறும், எனவே கவசம் அங்கே. பார்ப்பதற்கு ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் பூட்ஸும் போட்டதுபோல இருக்கிறது. போகட்டும். காற்றழுத்தம் முன்னே 75, பின்னே 90 பி.எஸ்.ஐ. முன்பு 25 மில்லிமீட்டர் டயரில் காற்றைக் கல்லாக அடித்து ஓட்டியதைவிட இது எவ்வளவோ சுகம். மாட்டுவதுதான் கொடுமை. மாரத்தான் பிளஸை அரை மணி நேரம் வெயிலில் போட்டு எடுத்தும் கட்டைவிரல் இரண்டு நாள் வலித்தது. உங்கள் சைக்கிளில் பிரேக்குக்கும் டயருக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

ஐப்பசியிலிருந்து தை வரை மொத்தம் மூன்று பஞ்சர். முன்னே ஒரு கம்பி. மற்ற இரண்டும் பின்னே, சீமைக் கருவேல முள். அது விரல் நீளம் இருக்கும். 5 மில்லிமீட்டர் அதற்கு எம்மாத்திரம்? பொங்கலுக்கு முன் வேலியைக் கழித்து டிராக்டரில் ஏற்றிப் போகிறார்கள், வழியெல்லாம் சிந்துகிறது. அந்த ஒரு வாரம் நான் பஸ்ஸில் போயிருக்கலாம்.

சாலையில் ராகித் தாளும் கொள்ளுக்கொடியும் பரப்பி வைத்திருக்கும் இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுகிறேன். அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. தாள் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் பஞ்சரைவிடப் பெரிய வேலை.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். இந்த டியூப்களின் வால்வு ஒல்லியான பிரெஸ்டா வகை; ஊர்க் கடைப் பம்ப் அதில் பொருந்தாது. பித்தளையில் சின்ன அடாப்டர் கிடைக்கிறது. ஒன்றைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைக்க மறந்த ஒரு நாள், கத்தியை நனைத்துக் காட்டிய அதே கடைக்காரர் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதற்கு மூக்கே இல்லையே” என்றார். இப்போது அவர் கடைச் சுவரில் ஆணி அடித்து ஓர் அடாப்டரைத் தொங்கவிட்டிருக்கிறார். என்னைத் தவிர யாரும் அதைக் கேட்டு வந்ததில்லையாம்.