கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம்: எம்.எஸ்ஸி நர்சிங் முதல் வருஷத்துல என் ஞாயித்துக்கிழமைய திருப்பிக் குடுத்த இடம்

ஒரு வருஷமா அநேகமா எல்லா ஞாயித்துக்கிழமையும் போயிட்டு வர்ற இடம் இது, இதைப் பத்தி ஒரு வார்த்தை கூட எழுதலன்னா எனக்கே மனசு கேக்கல. லைப்ரரி ரிவ்யூ நிறைய இருக்கு, பெரும்பாலும் டிஎன்பிஎஸ்சி யுபிஎஸ்சி படிக்கிறவங்க எழுதினது. நான் எம்.எஸ்ஸி நர்சிங், குழந்தைகள் நலம் பிரிவு. எங்களை மாதிரி பகல் முழுக்க வார்டுலயும் கிளாஸ்லயும் நின்னுட்டு வர்றவங்களுக்கு இந்த இடம் எப்படி இருக்கும்னு யாரும் எழுதி நான் பாக்கல, அதான்.

முதல்ல என் நிலைமைய சொல்லிடறேன், அப்பதான் இது ஏன் எனக்கு இவ்ளோ பெரிய விஷயம்னு புரியும். பி.எஸ்ஸி முடிச்சு மூணு வருஷம் பிஐசியுல, அதாவது குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுல, ஸ்டாஃப் நர்ஸ். எம்.எஸ்ஸி சேர ஒரு வருஷ அனுபவம் போதும், வீட்டு கடனுக்காக நான் மூணு வருஷம் இருந்துட்டேன். சேரும்போது எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், "இனிமே நைட் டியூட்டி இல்ல, ஜாலியா இரு". நானும் அப்படித்தான் நம்பினேன். முதல் வருஷம் நாலு பேப்பர்: நர்சிங் எஜுகேஷன், அட்வான்ஸ்டு நர்சிங் பிராக்டீஸ், ரிசர்ச் அண்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அப்புறம் நம்ம ஸ்பெஷாலிட்டி. ஸ்பெஷாலிட்டிக்கு மட்டும் தியரி 150 மணி நேரம், பிராக்டிகல் 650 மணி நேரம். இது போக மைக்ரோ டீச்சிங், லெசன் பிளான், ஏவி எய்ட்ஸ், கேர் பிளான், செமினார், லாக் புக். டியூட்டி பாக்கும்போது அடுத்த ஷிஃப்ட் நர்ஸ்கிட்ட ஹேண்டோவர் குடுத்துட்டா அன்னிக்கு வேலை முடிஞ்சுது, பை எடுத்துட்டு கிளம்பிடலாம். இங்க ஹேண்டோவர் குடுக்க ஆளே கிடையாது, எல்லாம் நம்ம கூடவே ஹாஸ்டல் வரைக்கும் வருது, சாப்பிடும்போது கூட வருது, தூங்க போனா நர்சிங் பாடத்துல வர்ற ஓரெம் தியரியும் ராய் தியரியும் குழம்பிகிட்டு கண்ணுக்குள்ள நிக்குது.

முதல் ரெண்டு மாசம் நான் யார்கிட்டயும் சரியா பேசல. அம்மா போன் பண்ணா "அப்புறம் பேசறேன்மா", பழைய வார்டு ஃப்ரெண்ட்ஸ் குரூப்ப மியூட்ல போட்டுட்டேன். பி.எஸ்ஸியில நாலு வருஷம் ஒரே ரூம்ல இருந்தவளோட வளைகாப்புக்கு போகல, மறுநாள் செமினார்னு சொல்லிட்டேன். அந்த செமினார் தள்ளிப் போயிடுச்சு. வளைகாப்பு தள்ளிப் போகாதுல்ல. அந்த போட்டோவ எல்லாம் பாத்துட்டு ராத்திரி ரொம்ப நேரம் அழுதேன், அவ கைல வளையல் போட நான் இல்லாம போயிட்டேன்.

நடுவுல ஒரு பிரைவேட் ரீடிங் ஹால்ல சேந்தேன், பேர் வேணாம், மாசம் 1,500 ரூபா. ஆளுக்கு ஒரு பிளைவுட் தடுப்பு, ஜன்னல் கிடையாது, பக்கத்துல யார் உக்காந்திருக்காங்கன்னே தெரியாது. நிறைய பேருக்கு அது செட் ஆகலாம், எனக்கு மூச்சு முட்டுச்சு. நாள் முழுக்க மனுஷங்களோட வலிய பாத்துட்டு வர்ற ஆளுக்கு சாயங்காலம் ஒரு மர டப்பாவுக்குள்ள உக்காரணும்னா முடியல, 20 நாள்ல நிறுத்திட்டேன்.

அப்புறம் என் பழைய வார்டு தோழி ஒருத்தி, இன்னும் அதே பிஐசியுலதான் இருந்தா, அவதான் சொன்னா, "கோட்டூர்புரம் வாடி, காசு கிடையாது, நானும் வரேன், நீ உன்னோடத படி நான் என்னோடத படிக்கிறேன்". அவ அயர்லாந்து போறதுக்கு ஓஇடி, அதாவது மருத்துவத் துறைல இருக்கறவங்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை, எழுத தயாராகிட்டிருந்தா.

இடத்தைப் பத்தி சொல்றேன். காந்தி மண்டபம் ரோட்டுல, 8 ஏக்கர்ல, 9 மாடி. 2010 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னிக்கு கலைஞர் திறந்து வெச்சது, 12 லட்சம் புத்தகம் வைக்கிற அளவுக்கு கட்டினது. கீழ்த்தளத்துல நம்ம சொந்த புத்தகத்த கொண்டு வந்து படிக்கிற பிரிவு தனியா இருக்கு, எங்களுக்கு வேண்டியது அதுதான். ஏன்னா எங்க பேப்பருக்கு நாமளே எடுத்த நோட்ஸ், சீனியர் அக்காங்க குடுத்த பழைய ரெக்கார்டு, வழிகாட்டி ஆசிரியர் பென்சில்ல திருத்தி குடுத்த பேப்பர் இதெல்லாம் வெச்சுட்டுதான் படிக்க முடியும். ரெஃபரன்ஸ் வேணும்னா மேல் மாடியில மருத்துவப் புத்தகங்கள் இருக்கு, அங்கயே உக்காந்து குறிப்பு எடுத்துக்கலாம்.

இதையும் சொல்லணும். 2011ல இந்த கட்டடத்தையே குழந்தைகள் ஆஸ்பத்திரியா மாத்தறோம்னு அரசு அறிவிச்சுது, ஹைகோர்ட் தடை போட்டு அது நின்னுது. நான் படிக்கிறதே குழந்தைகள் நர்சிங், ஒரு குழந்தைக்கு பெட் இல்லன்னு சொல்லி அனுப்பும்போது அந்த அப்பா முகம் எப்படி ஆகும்னு எனக்கு தெரியும். ஆஸ்பத்திரி வேணும், நிறைய வேணும். ஆனா அதுக்காக இதை எடுத்திருந்தா பெரிய தப்பா போயிருக்கும்னு, அங்க நெருக்கமா உக்காந்து படிக்கிற பசங்கள பாக்கறப்ப எல்லாம் தோணும். அதுல பாதி பேர் வீட்ல உக்காந்து படிக்க ஒரு மேஜை கூட இருக்காதுன்னு நினைக்கிறேன். எங்க வீட்லயும் கிடையாது.

முதல் ஞாயிறு எனக்கு அப்படியே கண்ணுல நிக்குது. அவ நைட் டியூட்டி முடிச்சு நேரா வந்துட்டா, தலை கூட இன்னும் காயல, ஹாஸ்டல்ல குளிச்சிட்டு அப்படியே ஓடி வந்திருக்கா. எதிர் எதிர்ல உக்காந்தோம். எனக்கு கைஸ்கொயர், ரெண்டு விஷயத்துக்கு நடுவுல தொடர்பு இருக்கான்னு பாக்கற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கணக்கு. 2க்கு 2 டேபிள், டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 1, 0.05ல 3.84ஐ தாண்டுச்சா இல்லையா, இதையே மூணு தடவை தப்பா போட்டேன். அவளுக்கு ஓஇடியோட லெட்டர் ரைட்டிங். ஒரு பேஷண்டோட கேஸ் நோட்ஸ் குடுப்பாங்க, அஞ்சு நிமிஷம் படிச்சு நாப்பது நிமிஷத்துல ஒரு ரெஃபரல் லெட்டர் எழுதணும், 180லேர்ந்து 200 வார்த்தைக்குள்ள. பேசக்கூடாதுங்கறதால ஒரு துண்டு பேப்பர்ல எழுதி எழுதி தள்ளுவா: "டிஸ்சார்ஜ்டு ஆன் வருமா ஃப்ரம் வருமா". நான் பதில் எழுதி தள்ளுவேன். மூணாவது லெட்டர் பாதியில இருக்கும்போது அப்படியே மேஜை மேல தலைய வெச்சு தூங்கிட்டா, பேனா மூடி திறந்தபடியே விரலுக்குள்ள இருக்கு. நான் மெதுவா அந்த பேனாவ எடுத்து மூடி போட்டுட்டு, ஒரு மணி நேரம் அவளை எழுப்பாம என் கணக்க போட்டேன். அன்னிக்குதான் கைஸ்கொயர் சரியா வந்துது. ரெண்டு மாசமா தனியா உக்காந்து வராத கணக்கு.

அவ எழுந்ததும் வெளிய வந்து டீ குடிச்சோம், அவ டிபன் பாக்ஸ்ல தக்காளி சாதம், ரெண்டு பேருக்கும் சேத்து கட்டிட்டு வந்திருக்கா. அந்த அரை மணி நேரத்துல பழைய வார்டு கதை, சிஸ்டர் இன்சார்ஜ் மாறினது, யாருக்கு கல்யாணம், ஆறு மாசமா வார்டுலயே இருந்த குட்டிப் பையன் வீட்டுக்கு போனது, எல்லாம் பேசி முடிச்சோம். அவ்ளோதான். அரை மணி நேரம் போதும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. ஃப்ரெண்ட பாக்கறதுன்னா ஒரு நாள் முழுக்க ஒதுக்கணும், சினிமா, மால், ஹோட்டல், அதுக்கு எனக்கு நேரமும் இல்ல காசும் இல்ல, அதனால யாரையும் பாக்கறதில்ல, இப்படித்தான் என் கணக்கு ஓடிட்டிருந்துச்சு.

இப்படி பக்கத்துல உக்காந்து அவங்கவங்க வேலைய பாக்கறதுக்கு எங்க பாடத்துலயே ஒரு பேர் இருக்குங்கறது அப்புறமாதான் உறைச்சுது. அண்ணனும் அண்ணியும் பாப்பாவ கூட்டிட்டு ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க, எனக்கோ மறுநாள் குரோத் அண்ட் டெவலப்மென்ட் பிரசன்டேஷன். வர முடியாதுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு, சொல்லாம "அண்ணி, பாப்பாவ லைப்ரரிக்கு கூட்டிட்டு வாங்க"ன்னுட்டேன். முதல் மாடியில குழந்தைகளுக்குன்னே தனி பிரிவு இருக்கு. நடுவுல ஒரு பெரிய செயற்கை மரம் இருக்கு, பாப்பா "அத்தை இதுல நிஜ அணில் வருமா, ஏன் வராது, மரம்னா வரணும்ல"ன்னு விடாம கேட்டுட்டே இருந்தா. அவளுக்கு நாலு வயசு. குழந்தை வளர்ச்சிய பத்தி எரிக்சனும் பியாஜேயும் சொன்னத நான் மறுநாள் பேசணும், அது எல்லாம் பாப்பா உருவத்துல அங்க கால ஆட்டிட்டு உக்காந்திருந்துச்சு. அவ பக்கத்துல இன்னொரு வீட்டு பையன், ரெண்டு வயசு இருக்கும். இவ ஒரு படப் புத்தகத்த புரட்றா, அவன் வேற ஒண்ண தலைகீழா வெச்சு புரட்றான், ரெண்டும் பேசிக்கல, ஆனா இவ கொஞ்சம் நகந்தா அவனும் நகந்து வந்து பக்கத்துல உக்காந்துக்கறான். மில்ட்ரெட் பார்ட்டன் 1932ல குழந்தைங்க விளையாட்டை வகை பிரிச்சு எழுதினதுல பேரலல் ப்ளேன்னு ஒண்ணு வரும், பக்கத்து பக்கத்துல இருந்து அவங்கவங்க விளையாட்ட விளையாடறது, சேந்து விளையாடறதுக்கு முந்தின படி. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ண விஷயம். அந்த பையன பாத்தப்பதான் கீழ்த்தளத்துல நானும் என் தோழியும் பண்றது இதேதானேன்னு தோணுச்சு. சின்ன குழந்தைங்களோட படின்னு புத்தகம் சொல்லுது, 26 வயசுல ராத்திரி கண்ணு முழிச்சுட்டு வர்ற ஒருத்திக்கும் அது வேண்டியிருக்கு.

அண்ணி போகும்போது "நீ கூட இருந்தியே அதுவே போதும்"னாங்க. பிரசன்டேஷன் நல்லா போச்சு. அந்த ரெண்டு வயசு பையன்தான் என்னோட எக்ஸாம்பிள், மேடம் நல்லா இருக்குன்னு சொன்னாங்க.

போக்குவரத்து சுலபம், பறக்கும் ரயில்ல வந்தா கோட்டூர்புரம் ஸ்டேஷன்ல இறங்கிக்கலாம், பஸ்சும் இருக்கு. ஞாயித்துக்கிழமை சொந்த புத்தக பிரிவுல கூட்டம் வரும், காலைல சீக்கிரம் வந்தா ரெண்டு பேருக்கு சேந்தாப்ல இடம் கிடைக்கும், லேட்டா வந்தா தனித்தனியா உக்காரணும், அது பரவால்லன்னா எப்ப வேணா வரலாம். சாயங்காலம் படிச்சு முடிச்சா அடையாறு தாண்டி பெசன்ட் நகர் பீச் பக்கம்தான், நாங்க மாசத்துக்கு ஒரு தடவை போவோம், சுண்டல் வாங்கிட்டு ஒரு மணி நேரம் அலைய பாத்துட்டு வந்துடுவோம்.

எல்லா வேலைக்கும் இது ஆகாது, அதையும் சொல்லிடறேன். சார்ட் வரையறது, மாடல் பண்றது, மைக்ரோ டீச்சிங் வாய் விட்டு பேசி பழகறது, இதெல்லாம் ஹாஸ்டல்லதான். ராத்திரி மூடிடுவாங்க, அதனால விடிய விடிய உக்காந்து படிக்கறவங்களுக்கு சரிப்படாது. என்னைக் கேட்டா மூடறதுதான் நல்லது. அந்த நேரத்துக்கு புத்தகத்த மூடியே ஆகணும், பஸ் ஏறி ஜன்னலோரம் உக்காந்து அம்மாவுக்கு போன் போட்டா ஹாஸ்டல் வர்ற வரைக்கும் பேசலாம். இப்ப "அப்புறம் பேசறேன்மா" சொல்றதில்ல. யூனிவர்சிட்டி எக்ஸாமுக்கு முந்தின மூணு வாரம் மட்டும் நான் தனியாதான் வந்தேன், அவ கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன், அவளும் கோச்சுக்கல. எம்.எஸ்ஸி சேரப் போற தங்கச்சிங்க இத செய்யுங்க: முடியாத நாள் எதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. சொல்லாம காணாம போறதுதான் உறவ அறுக்குது. வளைகாப்பு விஷயத்துல நான் பண்ண தப்பு அதுதான். அப்புறம் குழந்தை பொறந்ததும் நேர்ல போய் மன்னிப்பு கேட்டேன், ஞாயித்துக்கிழமை லைப்ரரிய விட்டது அன்னிக்கு ஒரு நாள்தான்.

என் வார்டு தோழிக்கு ஓஇடி வந்துடுச்சு, போன மாசம் டப்ளின் போயிட்டா. கிளம்பறதுக்கு முந்தின ஞாயிறும் வந்தா, பாக்க அவளுக்கு புத்தகம் எதுவும் இல்ல, என் சினாப்சிஸ்ல, அதாவது ஆய்வுச் சுருக்கத்துல, ஸ்பெல்லிங் மிஸ்டேக் பாத்துட்டு உக்காந்திருந்தா. அந்த துண்டு பேப்பர் எல்லாத்தையும் என் லாக் புக் கவருக்குள்ள வெச்சிருக்கேன்.

இப்ப எங்க காலேஜ்ல புதுசா சேந்த பொண்ணு ஒருத்தி, மெஸ்ல ஒரு கைல புத்தகத்த பிடிச்சுட்டு யாரையும் நிமிந்து பாக்காம சாப்பிட்டுட்டு இருந்தா. கைஸ்கொயர் வருதான்னு கேட்டேன், இல்லக்கான்னா. வர்ற ஞாயிறு ரெண்டு பேரும் போறோம், தக்காளி சாதம் நான் கட்டறேன்னு சொல்லிட்டேன்.